கீழ் எண்ணில் யார்? – பட்டம், எண்ணிக்கை, அதிகாரம்

1

புள்ளிவிவரம் என்றாலே நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. எண் என்பது அரசின் மொழி. தலைகளை எண்ணத் தொடங்கியவன் வரிக்காகவும் படைக்காகவும்தான் எண்ணினான். காலனியக் குடிமதிப்பீடு சாதியை இறுகச் செய்தது. இதையெல்லாம் ஃபூக்கோவை வைத்துப் பேசியாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எண்மேல் ஏற்கெனவே இருக்கும் பயத்துக்கு இந்தக் கோட்பாடு ஒரு கௌரவத்தையும் கொடுத்துவிடுகிறது. இக்கட்டுரையில் அந்த நிலைப்பாட்டிலிருந்து ஓரடி நகர்ந்து பேசிப்பார்க்க விரும்புகிறேன். கல்லூரியில் சேர்கிறவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள், அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குக் கல்லூரியிடமே கிடக்கும் பதிவேடுகள் எவ்வாறு பயன்படும், யார் கையில் பயன்படும் என்பதே விஷயம்.

சில ஆண்டுகள் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தொகுப்பூதியத்தில் தமிழ் நடத்தினேன். அரக்கோணத்தில் ரயிலேறிப் போய் வருவேன். வருகைப் பதிவேட்டில் ஜூன் மாதம் அகர வரிசையில் சுத்தமாக எழுதப்பட்ட பெயர்கள் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அப்படியே இருப்பதில்லை. அங்கங்கே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும். தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று ஒரு வருஷம் கோப்புகள் தயாரிக்கும் வேலை எங்களைப் போன்ற இளையவர்கள் தலையில் விழுந்தது. தேர்ச்சி விழுக்காட்டுப் பத்தியை நிரப்பும்போது மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன்: “சார், செவப்புக் கோடு போட்ட பேருங்கள எதுல சேர்க்கறது?” அவர் சிரித்தார். “அவங்க எங்கப்பா பரீட்ச எழுதனாங்க? எழுதனாத்தான பாஸு, ஃபெயிலு. அவங்க கணக்குலயே கெடையாது.”

அவர் கெட்டவரல்லர். படிவம் என்ன கேட்டதோ அதைச் சொன்னார். ஆனால் கணக்கிலேயே கிடையாது என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை.

2

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பின்னத்தில் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் பள்ளியில் படித்தோம். நமக்கு எப்போதும் மேல் எண்தான் காட்டப்படுகிறது. அரசியல் கீழ் எண்ணில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். 60 பேர் சேர்கிறார்கள். மூன்றாண்டுகளில் 14 பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 46 பேர் இறுதித் தேர்வை எழுதி, அதில் 34 பேர் அரியர் ஏதுமின்றி முடிக்கிறார்கள். எழுதியவர்களைக் கீழே போட்டு வகுத்தால் தேர்ச்சி 74 விழுக்காடு. விளம்பரப் பலகையில் போடலாம். சேர்ந்தவர்களைக் கீழே போட்டு வகுத்தால் 57 விழுக்காடுதான். மேலே இருக்கும் 34 பேர் இரண்டு கணக்கிலும் அதே 34 பேர். கீழே இருந்து 14 பேரை எடுத்ததும் கல்லூரி பதினேழு விழுக்காடு முன்னேறிவிட்டது.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் முறை கற்பனையல்ல. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. கலந்தாய்வுக் காலத்தில் பெற்றோர்கள் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அதில் இருப்பது தேர்வு எழுதியவர், தேறியவர் என்ற கணக்கு. நாக் குழுவுக்காகக் கல்லூரிகள் நிரப்பிவந்த தேர்ச்சி விழுக்காடும் இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் என்பதுதான். 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை இந்த விஷயத்தில் சற்று மேல். அனுமதிக்கப்பட்ட இடங்களைக் கீழே வைத்து, உரிய காலத்துக்குள் முடித்தவர்களை மேலே வைக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் முன்வரிசைக்குப் போட்டியிடும் நிறுவனங்கள் வேறு. நம் ஊர்ப் பிள்ளைகள் சேரும் கல்லூரிகள் வேறு.

இன்னொரு எண் நாம் பெருமையோடு சொல்வது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் அது 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் இது 18 முதல் 23 வயதுக்குட்பட்ட மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, கல்லூரிப் பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லும் எண். வாசலில் நுழைந்தவர்களின் எண்ணிக்கை. அந்தக் கணக்கெடுப்பில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்களின் மொத்தமும் இருக்கிறது. இருந்தாலும் இன்ன ஆண்டில் சேர்ந்த இன்ன மாணவி என்ன ஆனாள் என்று ஒரே ஆளைப் பின்தொடர்ந்து பார்க்கும் கணக்கு அல்ல அது. சேர்க்கை என்பது ஓர் ஆண்டின் புகைப்படம். முடித்தல் என்பது ஓர் ஆளின் வரலாறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிய முடியாது.

3

எண் அதிகாரத்தின் மொழி என்று சொல்லும் நண்பர்களுக்கு நம் வரலாற்றிலிருந்தே ஒன்றை நினைவூட்டலாம். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பார்ப்பனர். பட்டம் பெற்றவர் யார், அரசு வேலையில் இருப்பவர் யார் என்ற இத்தகைய எண்களை அடுக்கித்தான் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை தன் வாதத்தை வைத்தது. 1921இல் முதல் வகுப்புரிமை அரசாணை வந்தது. திறமை, தகுதி, பண்பாடு என்றெல்லாம் பூசி மெழுகப்பட்டிருந்த ஒன்றை அந்த எண்கள் எல்லோர் பார்வைக்கும் கொண்டுவந்தன. தமிழ்நாட்டு அரசியலின் ஒரு பெரும் திருப்பம் பட்டதாரிகளை எண்ணியதிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

அன்று எண்ணியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். எண்ணப்பட்டவர்கள் உள்ளே இருந்தவர்கள். இந்தத் திசையைக் கவனம் கொள்ள வேண்டும். கீழிருந்து மேல்நோக்கி எண்ணும்போது எண்ணுக்கு வரும் குணம் வேறு. மேலிருந்து கீழ்நோக்கி எண்ணும்போது வரும் குணம் வேறு. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் இட ஒதுக்கீட்டின் வழியே இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே வந்தபின் அவர்களில் யார் முடிக்கிறார்கள், யார் பாதியில் போகிறார்கள் என்பது அந்த நூற்றாண்டுக் கேள்வியின் இரண்டாம் பாகம். அதை இன்னும் நாம் ஊர் கேட்கும்படி கேட்கவில்லை.

4

யார் போகிறார்கள்? எங்கள் பகுதியை வைத்துச் சொல்கிறேன். அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ரயில் பாதையும் பாலாறும் ஒட்டிப் போகிற இந்த வட்டாரத்தில் 2002இல் தொடங்கப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. வாணியம்பாடியில் 1919இலேயே இஸ்லாமியா கல்லூரி வந்துவிட்டது. தோல் வணிகர்களின் கொடை கல்விக்கு வந்த ஊர்கள் இவை. ஆனால் அதே தோல் ஷெட்டுகளில் ஊறவைத்துச் சுரண்டிய கைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று முதல் தலைமுறையாக வகுப்பில் உட்கார்கிறார்கள். காலையில் ஒரே சாலையில் கல்லூரிப் பேருந்தும் போகிறது, ஷூ கம்பெனி வேனும் போகிறது. ஒரே தெருவிலிருந்து அக்கா வேனில் ஏறுவாள், தங்கை பஸ்ஸில் ஏறுவாள். வீட்டில் யாராவது படுத்துக்கொண்டால் தங்கையும் வேனில் ஏறிவிடுவாள். இதற்கு ‘இடைநிற்றல்’ என்று பெயர். அவள் எங்கேயும் நிற்கவில்லை; எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மேல்தோல் தைக்கிறாள்.

ஒரே நாளில் யாரும் கல்லூரியை விடுவதில்லை என்பது அங்கே நான் கற்றுக்கொண்டது. முதலில் திங்கட்கிழமைகளில் வரமாட்டான். பிறகு முதல் பருவத்தில் ஆங்கிலத்திலோ துணைப்பாடத்திலோ ஓர் அரியர். பிறகு தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் தாண்டி அபராதம் சேரும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கன்டோனேஷன் கட்டு என்பார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவமே போச்சு. இந்த ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு காகிதத்தில் பதிவாகிறது. வருகை துறையில், மதிப்பெண் தேர்வுப் பிரிவில், கட்டணம் அலுவலகத்தில், உதவித்தொகை வேறொரு மேசையில். நான்கு மேசைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவன் போய்விட்டான் என்பது ஐந்தாவது இடத்தில், சிவப்பு மையில்தான் தெரிகிறது. அப்போது தெரிந்து ஒன்றும் ஆவதில்லை.

தரவைக் கொண்டு பட்டம் முடிப்போரைக் கூட்டுவது என்று உலகில் இன்று பேசப்படுவதன் சாரம் இதுதான்: அந்த நான்கு மேசைகளையும் முன்கூட்டியே பேசவைப்பது. பழைய ஆண்டுகளின் பதிவுகளை எடுத்து, நின்றுபோனவர்களிடம் முதலில் என்ன அறிகுறி தெரிந்தது என்று பார்ப்பது. அதே அறிகுறி இன்று ஒருவரிடம் தெரியும்போது, பருவம் முடியும் வரை காத்திராமல் அந்த வாரமே ஒரு மனிதர் போய் அவரிடம் பேசுவது. இதில் முதல் இரண்டை இயந்திரம் செய்யும். மூன்றாவதை அது செய்யாது.

5

இதற்கு அதிகம் சுட்டப்படும் உதாரணம் அமெரிக்காவில், அட்லாண்டா நகரத்தில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் பெருமளவில் படிக்கும் இடம். 2003இல் அங்கே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடிப்போர் விகிதம் 32 விழுக்காடு மட்டுமே. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது ஐம்பதைத் தாண்டியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே இருந்த தேர்ச்சி இடைவெளியும் மறைந்தது. 2012 முதல் அங்கே ஒவ்வொரு மாணவரையும் 800 அறிகுறிகளைக் கொண்டு நாள்தோறும் கவனிக்கும் முறை இருக்கிறது. முக்கியப் பாடத்தின் முதல் தாளில் குறைந்த மதிப்பெண், தன் பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்தைத் தவறாக எடுத்தல் போன்றவை அறிகுறிகள்.

கணினியின் சாதனை என்று இதைச் சொல்வோர் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அறிகுறி கண்டவுடன் மாணவரை அழைத்துப் பேசுவதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு, 2011இல் தொடங்கிய ஒரு சின்ன ஏற்பாடு. கட்டண பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது, பட்டத்துக்கு நெருங்கிவிட்ட பலர் சிறிய தொகைக்காக வெளியே போவது தெரிந்தது. அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகமே கொடுத்தது. சராசரியாக ஒருவருக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அவர்கள் விண்ணப்பிக்கவே தேவையில்லை. பட்டியலே அவர்களைக் கண்டுபிடித்தது.

எண் இங்கே செய்த உண்மையான வேலை, பழியை இடம் மாற்றியதுதான். ‘படிப்பு ஏறல’ என்று மாணவன் தலையில் கட்டப்பட்டிருந்தது, அலுவலகத்தின் விதியால் நேர்ந்தது என்று தெரியவந்தது.

6

இதே கத்தியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்லூரிகள் பட்டம் முடிப்போர் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1990இல் சட்டம் வந்தது. வெளியிடும் எண் வந்ததும் எண்ணைக் காப்பாற்றும் ஆசையும் வந்தது. மேரிலாந்தில் மவுன்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. சோர்வு, கவலை, பணக்கஷ்டம் எல்லாம் அதில் கேட்கப்பட்டன. தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை, அரசுக்குச் சேர்க்கை எண்ணிக்கை அனுப்பும் தேதிக்கு முன்பே வெளியேறச் செய்துவிட்டால் விகிதம் உயரும் என்பது தலைவரின் திட்டம். 2016 ஜனவரியில் மாணவர் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டுப் பின்பு திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிப்ரவரி கடைசியில் தலைவர் பதவி விலகினார்.

அறிகுறி ஒன்றுதான். தகவல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது கைகொடுப்பதற்கான பட்டியல்; இன்னோரிடத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கான பட்டியல். நாம் மேலே பார்த்த கீழ் எண் விளையாட்டை இங்கே திட்டமிட்டே ஆட நினைத்தார்கள்.

மூன்றாவது அபாயம் இன்னும் நுட்பமானது. 2021இல் தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில பயன்படுத்திய மென்பொருள், மாணவரின் இனத்தையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு கறுப்பின மாணவர்களை அதிக அளவில் ‘ஆபத்தில் உள்ளவர்’ என்று முத்திரையிட்டது தெரிந்தது. இங்கே இனம் இருக்கும் இடத்தில் சாதியை வைத்துப் பாருங்கள். முன்பு இன்ன சாதிப் பிள்ளைகள் அதிகம் நின்றார்கள், ஆகவே நீயும் நிற்பாய் என்று இயந்திரம் சொன்னால், அது ஸ்டாஃப் ரூமில் கேட்கிற பழைய வாக்கியத்தின் புதிய குரல்தான். சாதி வாரியாக எண்ண வேண்டும். அது நிறுவனத்தைக் கேள்வி கேட்பதற்காக. ஒரு தனி மாணவனின் நெற்றியில் ஒட்டுவதற்காக அல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் எல்லாம் கெட்டது.

உள்ளூர் உதாரணம் ஒன்று. முதல் மணி நேரத்தில் அடிக்கடி வராதவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால் அதில் ரயிலில் வரும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். இயந்திரம் அவர்களை ஒழுங்கற்றவர்கள் என்று சொல்லும். எந்த பாசஞ்சர் எங்கே நின்று எக்ஸ்பிரஸுக்கு வழிவிடும் என்று தெரிந்த அரக்கோணத்துக்காரன், முதல் மணியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்வான். எண் கேள்வியைத்தான் தரும். பதில் அந்தப் பாதையில் போய்வருகிறவனிடம் இருக்கிறது.

7

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது என்பதை நம் நண்பர்கள் பலர் கவனிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எமிஸ் என்ற எண் இருக்கிறது. உயர்கல்விக்கு யுமிஸ் என்ற பதிவு முறை வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். மாதாமாதம் பணம் போக வேண்டுமானால் அந்தப் பிள்ளை இன்னும் படிக்கிறதா என்பது எங்கோ பதிவாகத்தான் வேண்டும். அதாவது, பணத்தை நிறுத்துவதற்குப் போதுமான தகவல் அரசிடம் இருக்கிறது. அதே தகவல் அந்தப் பிள்ளையைத் தேடிப் போவதற்கும் போதும். எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

சொற்களையும் கவனிக்க வேண்டும். புதிய தேசியக் கல்விக் கொள்கையின் வழியில் 2021இல் யுஜிசி கொண்டுவந்த பன்முக நுழைவு-வெளியேற்ற விதிப்படி, ஓராண்டில் போனால் சான்றிதழ், ஈராண்டில் போனால் பட்டயம். திரும்பி வரலாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் பணமில்லாமல் போனவளும் இனி ‘வெளியேறும் வாய்ப்பைத் தேர்ந்தவள்’ ஆவாள். சிவப்புக் கோட்டைப் பச்சை மையில் போடுகிற காரியம் இது. 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியரெல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்து வழக்கு நடந்தபோதும், நான் வாசித்த விவாதங்கள் முழுக்கத் தரம் போய்விட்டது என்பதிலேயே நின்றன. அரியரைச் சுமப்பவர்கள் யார், எந்தத் தாளில், எந்தக் கல்லூரியில் என்று யாரும் கேட்கவில்லை. கட்டணம் கட்ட முடியாதவன் அந்தச் சலுகைக்குள்ளும் வரவில்லை என்பதும் பேசப்படவில்லை.

செயல்பாட்டாளர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில், அரசுக் கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ கேட்கலாம். கேள்வியைச் சரியாக அமைப்பதில் இருக்கிறது விஷயம். ‘தேர்ச்சி விழுக்காடு என்ன’ என்று கேட்டால் பழைய பதில் வரும். இப்படிக் கேட்க வேண்டும்: இன்ன கல்வியாண்டில் முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்றாண்டுகளில் எல்லாத் தாள்களிலும் தேறியவர்கள் எத்தனை, ஐந்தாண்டுகளில் எத்தனை, பெயர் நீக்கப்பட்டவர்கள் எத்தனை, எந்தப் பருவத்தில், வருகைக் குறைவால் தேர்வெழுதத் தடுக்கப்பட்டவர்கள் எத்தனை. துறைவாரியாக, பாலினவாரியாக, வகுப்புவாரியாக. பெயர்கள் வேண்டாம். பெயர்கள் கேட்கவும் கூடாது. மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இல் அறிவித்ததைக் கல்லூரி பின்பற்றுகிறதா என்றும் சேர்த்துக் கேட்கலாம். சான்றிதழ் கைக்கு வராதவன் வேறெங்கும் போய்ச் சேர முடியாது.

கல்லூரிக்குள் பதிவுகளை இணைப்பதற்கும் நாம் நிபந்தனை வைக்க வேண்டும். தன்னைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று மாணவர் பார்க்க முடிய வேண்டும். அந்தப் பட்டியல் உதவிக்கு மட்டுமே, தண்டனைக்கோ வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிக்கோ போகக்கூடாது. வீட்டுக்குத் தகவல் சொல்லுமுன் மாணவியிடம் கேட்க வேண்டும். காதல் என்ற சந்தேகம் ஒன்று போதும், எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் படிப்பு முடிய. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசப் போகிற மனிதர் வேண்டும். மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத தொகுப்பூதிய ஆசிரியர் தலையில் இதையும் கட்டினால், இன்னொரு படிவம் நிரம்பும், அவ்வளவுதான்.

8

என்னோடு படித்தவர் ஒருவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங்கில் இருக்கிறார். எங்கள் வகுப்பில் யாப்பிலக்கணம் அவருக்குத்தான் நன்றாக வரும். மூன்றாண்டும் முடித்தார். ஆங்கிலத்தில் ஒரு தாள் மட்டும் நின்றுபோயிற்று. அடுத்த முறை கட்டணம் கட்டவில்லை, அதற்கடுத்த முறை அப்பா இறந்துபோனார். பிறகு விசாரித்தபோது பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய தாளுக்கு இனித் தேர்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மேல் எண்ணில் அவர் இல்லை. எழுத வராததால் கீழ் எண்ணிலும் இல்லை. இந்தக் கட்டுரையைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “ஒருத்தரு ஒரு போன் பண்ணி, டேய், ஒரு பேப்பர்தான்டா கீது, வந்து எழுதுடான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்” என்றார்.

அந்த போனைச் செய்வதற்கு யாராவது ஒருவரிடம் ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் அன்று எங்கள் கல்லூரி அலுவலகத்தில் நான்கு மேசைகளில் நான்கு துண்டுகளாக இருந்தது. நான் படித்த கல்லூரிக்குத் தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அனுப்புகிறேன். நண்பர்களும் அவரவர் படித்த கல்லூரிக்கு அனுப்புங்கள். வரும் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபின் கோட்பாடு பேசலாம்.